பதினோராவது தட்டம்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பாக்கைப் பறித்துக்கொண்டார்கள். பாக்கோடு வெற்றிலையும் போனது, மாவிலையும் போனது, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மஞ்சள் கிழங்கும் போனது. வெளியிலிருந்து இலை, விதை, காய் எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று தங்கை வாசுகி தொலைபேசியில் பலமுறை சொல்லியிருந்தாள். கல்யாணச் சாமானுக்கு ஏதாவது சலுகை இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். விமானத்தில் கொடுத்த அட்டையில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதிக் கொடுத்ததால் அபராதம் இல்லை. கையுறை போட்ட பெண் அதிகாரி மாவிலைக் கொத்தை இரண்டு விரலால் தூக்கி, "இது எதற்கு?" என்று கேட்டார். "கல்யாணத்துக்கு" என்றேன். "வாழ்த்துகள்" என்று மனதாரச் சொல்லிவிட்டுக் கொத்தைத் தொட்டியில் போட்டார்.

அதே பெட்டியில் இருந்த வெள்ளைப் பட்டு வேட்டியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அதையும் பறித்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வெகுகாலம் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவன். வாசுகி சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் குடும்பத்தோடு குடியேறியவள். அவளுடைய ஒரே மகள் அபி. இங்கேயே பிறந்து, இங்கேயே தாதி வேலை பார்ப்பவள். நான் தமிழில் ஒரு பாட்டம் கதைத்தால் இங்கிலீஷில் ஒரு வரி பதில் சொல்வாள். "மாமா" என்பது மட்டும் சுத்தத் தமிழாக வரும். அவள் கட்டப்போவது டேனியல் லியூங் என்ற சீனப் பையனை. தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா என்று வாசுகி கேட்டாள், நான் கிளம்பிவிட்டேன்.

காரியத்தில் ஒரு முள் இருந்தது. டேனியலின் தாய் போன வருடம் இறந்துபோனார். சாவு நடந்த வீட்டில் இவ்வளவு சீக்கிரம் கல்யாணமா என்று தகப்பன் தயங்கியிருக்கிறார். பையன் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்திருந்தான். "அப்பா வராமல் நான் தாலி கட்ட மாட்டேன்" என்று அபியிடம் தெளிவாகச் சொல்லியும் இருந்தான். ஆகவே அந்த மனிதர் மனம் கோணாமல் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வந்து சேர வேண்டும். எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்த மறுநாள் டொமினியன் ரோட்டில் ஒரு சீன உணவகத்தில் இரண்டு குடும்பமும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தத் தெருவில் நூடுல்ஸ் கடைக்குப் பக்கத்தில் நூடுல்ஸ் கடை, அதற்குப் பக்கத்தில் பிடித்துவைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்றை ஆவியில் வேகவைத்து விற்கும் கடை. வெள்ளவத்தையில் சேலைக்கடைகள் இருப்பது போல இங்கே சாப்பாட்டுக் கடைகள். வட்ட மேசையின் நடுவில் கண்ணாடித் தட்டு சுற்றியது. அன்று வெள்ளிக்கிழமை, நான் மரக்கறி. பன்றி என்னைக் கடந்து போனது, வாத்து கடந்து போனது, பெயர் தெரியாத கடற்பிராணி ஒன்று இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனது. பூண்டில் வதக்கிய கீரை வந்தபோது தட்டை நான் கையால் பிடித்து நிறுத்திவிட்டேன்.

லியூங் மெலிந்த மனிதர். த்ரீ கிங்ஸில் காய்கறிக்கடை வைத்திருக்கிறார். கடை நடத்தப் போதுமான இங்கிலீஷ் இருந்தது. மற்றதெல்லாம் கன்டோனீஸ் என்ற தென்சீன மொழியில், டேனியல் மொழிபெயர்த்தான். நான் அவருக்குத் தேநீர் ஊற்றினேன். உடனே இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். கெதியாக ஊற்று என்கிறார் போல என்று நினைத்து நான் ஊற்ற, கோப்பை வழிந்து விரிப்பெல்லாம் தேநீர்.

டேனியல் சிரித்தான். "அது நன்றி சொல்வது மாமா" என்றான். முன்னொரு காலத்தில் ஒரு பேரரசர் மாறுவேடத்தில் ஊர் சுற்றினாராம். தேநீர்க் கடையில் தன் வேலைக்காரனுக்குத் தானே ஊற்றிக் கொடுத்தாராம். விழுந்து கும்பிட்டால் வேடம் கலைந்துவிடும். அதனால் வேலைக்காரன் விரலை மடித்து மேசையில் கும்பிட வைத்தானாம். அரசர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கும்பிடு டொமினியன் ரோடு வரைக்கும் வந்திருக்கிறது.

பதிலுக்கு நானும் ஒரு கதையை எடுத்துவிட்டேன். கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. மிங் பேரரசர் காலத்தில் பெரிய கப்பல் படையோடு வந்த சீனத் தளபதி எங்கள் தெற்குக் கரையில் காலி என்ற ஊர்த் துறைமுகத்தில் விட்டுப்போனது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று எழுத்து. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் எங்கள் பெருமாள் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை வைத்ததாக எழுதியிருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய், சாம்பிராணி என்று வரிசை வரிசையாக. "உங்கட ஆக்கள் எங்கட சாமிக்குச் சீர் கொண்டு வந்தவை. இப்ப நாங்கள் உங்கட வீட்டுக்குக் கொண்டு வாறம்" என்றேன். அபி இங்கிலீஷில் சொல்ல, டேனியல் அதைத் தகப்பனுக்குச் சொல்லி முடித்ததும் லியூங் முதல்முறையாகச் சிரித்தார். மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். நான் குளிர்ந்துபோனேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டேனியல் தன் தாய்வழிக் கதையைச் சொன்னான். சீனாவில் இன்னும் பேரரசர் ஆண்ட காலத்தில், தலையில் நீளப் பின்னலோடு, இந்த நாட்டின் தெற்குத் தீவில் தங்கம் தோண்ட வந்தவர்கள் அவர்கள். அப்போது சீனர் மட்டும் உள்ளே வரத் தலைவரி கட்ட வேண்டும், வேறு எந்த இனத்துக்கும் கிடையாது. மனைவியைக் கூட்டிவரப் பலரால் முடியவில்லை. தங்கம் தீர்ந்ததும் தோட்டம் போட்டார்கள். வெகுகாலம் கழித்து அரசாங்கம் அந்த வரிக்காக மன்னிப்புக் கேட்டது. "அம்மா அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தார்" என்றான். லியூங் மட்டும் பிந்தி வந்தவர், சீனா கதவைத் திறந்த பிறகு வாலிப வயதில் தெற்குச் சீனக் கிராமத்திலிருந்து வந்தவர்.

அடுத்த வியாழக்கிழமை, சீர் கொண்டுபோகும் நாள் வந்தது. வாசுகியின் வரவேற்பறையில் தட்டங்களை அடுக்கினோம். பலகாரம், பழம், கற்கண்டு, சேலை, இனிப்பு என்று பத்துத் தட்டம் நிறைந்தது. போதும் என்றாள் அபி.

"பத்தோ? ஒற்றை எண்ணிலதான் தட்டம் போகவேணும்" என்றேன்.

"அண்ணா, அவை சீன ஆக்கள். பத்து எண்டா என்ன குறைஞ்சு போகும்?" என்றாள் வாசுகி.

"சீன ஆக்களோ சிங்கள ஆக்களோ, எங்கட பிள்ளையின்ர கலியாணம். நான் கொழும்பில இருந்து சம்பந்திக்கு வேட்டி சுமந்து கொண்டு வந்தது சும்மாவோ?"

வாசுகியின் புருஷன் தங்கமான மனிதர், இந்த மாதிரி நேரத்தில் கார் கழுவப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்ப் பெண்மணி வெள்ளித்தட்டு இரவல் கொடுக்க வந்தவர், "ஆமாங்க, ஒத்தப்படையாத்தான் இருக்கணும்" என்று எனக்குக் கட்சி சேர்ந்தார். நாடு இரண்டானாலும் கணக்கு ஒன்று என்று எனக்கு ஒரே பெருமை. பதினோராவது தட்டத்தில் பட்டு வேட்டியையும் சால்வையையும் மடித்து வைத்தேன். மல்லிகை கிடைக்கவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் வெள்ளைச் செவ்வந்தி கொத்துக் கொத்தாக இருந்தது, அதை வாங்கிவந்து மேலே பரப்பினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அபி வேலைக்கு ஓடிவிட்டதால் அந்தத் தட்டத்தை அவள் பார்க்கவில்லை.

லியூங் வீடு நகரத்தின் மேற்கே ரானுயியில். வாசலில் நின்று தட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கி மேசையில் வைத்தார். வைக்கும்போது வாய்க்குள் எண்ணினார். பத்து வந்ததும் முகம் மலர்ந்தது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பதினோராவதை நீட்டினேன்.

அவர் கை பாதியில் நின்றது. வேட்டியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பிறகு சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார். தட்டத்தை வாங்கி, மற்றப் பத்தோடு சேர்க்காமல் படத்துக்குக் கீழே தனியாக வைத்தார். எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். நான் விரலால் மேசையைத் தட்டினேன். அவர் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. "அப்பா களைத்துப்போனார்" என்றான் டேனியல். அவன் முகம் வெளிறியிருந்தது.

மறுநாள் அபி சமையலறையில் என் முன்னால் வந்து நின்றாள். "கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அவன் அப்பா கேட்கிறார்" என்றாள். "வெள்ளைத் துணியும் வெள்ளைச் செவ்வந்தியும் அவர்களுக்குச் சாவுக்கு உரியவை. நல்ல காரியத்துக்கு எல்லாம் சோடி சோடியாகப் போகவேண்டும். ஒற்றை எண்ணும் இறந்தவர்களுக்குத்தான். போன வருடம்தான் அந்த வாசலுக்கு இதெல்லாம் வந்தது மாமா." அழவில்லை, அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். "பத்து போதும் என்று சொன்னேன்" என்றாள். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் சுற்றினேன், கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. வருகிறேன் என்று மூட்டை கட்டி வந்து பிள்ளையின் கல்யாணத்தைக் குலைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே வந்த வழியே திரும்பி நடந்தேன். சனிக்கிழமை சிங் மிங், சீனர்கள் கல்லறைக்குப் போகும் நாள் என்றும், டேனியல் வீட்டாரோடு அபியும் காலையிலேயே காரில் போகிறாள் என்றும் வாசுகி சொன்னாள். நேரே போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்தேன். கேட்டால் தடுப்பாள் என்பதால் வாசுகியிடமும் சொல்லவில்லை.

மயானம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது என்று தெரியும். ஆனால் சனிக்கிழமை ரயில் ஓடவில்லை, தண்டவாள வேலை. ரயிலுக்குப் பதில் பஸ். ரயில் என்றால் ஸ்டேஷன் பெயரைப் படித்து இறங்கலாம். பஸ்ஸோ ஸ்டேஷனுக்குப் பின்னால், முன்னால், ஏதோ சந்துக்குள் நின்று நின்று போனது. கொழும்பில் என்றால் கண்டக்டர் இடம் சொல்லிக் கத்துவான், தூங்கினாலும் தோளில் தட்டுவான். இங்கே எல்லோரும் இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்கிறார்கள். நானும் யாரோ இறங்கும்போது ஒரு நன்றி சொல்லிப் பார்த்தேன், இறங்க மறந்துவிட்டேன். வெளியே பார்த்தபோது ரானுயி. எந்த ஊரில் தலைகாட்ட வெட்கப்பட்டேனோ அதே ஊர்.

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டெய்ரிக்குள் போய் வழி கேட்டேன். டெய்ரி என்றால் பால்பண்ணை இல்லை, இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர். பால் வாங்கிக்கொண்டிருந்த, இந்த மண்ணின் ஆதிக்குடியான மாவோரிப் பெண்மணி ஒருவர், "மயானத்துக்கா? ஏறுங்கள், அந்தப் பக்கம்தான் போகிறேன்" என்றார். முன்பின் தெரியாதவனை அவர் ஏற்றிக்கொண்டார், நானும் ஏறிவிட்டேன்.

யாருடைய கல்லறை என்று கேட்டார். சீனச் சம்பந்தியின் மனைவி என்றேன். சீனர் என்றதும் அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவர் வடக்குக் கரையைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் இங்கே செத்த சீனத் தங்கத் தொழிலாளர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, சொந்த ஊரில் புதைப்பதற்காக ஒரு கப்பலில் அனுப்பினார்களாம். கப்பல் வடக்கே மூழ்கிவிட்டது. எலும்புகள் அவர்களுடைய கரையில் ஒதுங்கின. "எங்கள் கிழவர்கள் அதைப் பொறுக்கி எங்கள் ஆட்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். யார் எவர் என்று தெரியாது. பிற்பாடு அவர்களுடைய சந்ததி தேடி வந்தது. வந்து எங்களுக்கு நன்றி சொன்னார்கள்."

"தெரியாதவர்களை எப்படி உங்களோடு வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வேறு எங்கே வைப்பது?" என்றார்.

மயான வாசலில் இறக்கிவிட்டு, கையசைத்துப் போனார். சாமி வந்த மாதிரி வந்து போனார் என்றே எனக்குத் தோன்றியது.

சீனர் பகுதியைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை, ஊதுவத்திப் புகை வழி காட்டியது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கல்லறையைக் கழுவுகிறார்கள், புல் பிடுங்குகிறார்கள், வேகவைத்த கோழியும் ஆரஞ்சும் கேக்கும் பரப்புகிறார்கள். சின்னப் பிள்ளைகள் கல்லுக்குக் கல் ஓடித் திரிகிறார்கள். நம்முடைய ஆண்டுத் திவசம் மாதிரிதான், ஐயரும் அழுகையும் இல்லை.

லியூங் குனிந்து கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேனியல் புல் பிடுங்கினான். அபி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்று ஊதுவத்தி. மூன்று சின்னக் கோப்பையில் தேநீர். ஒரு கொத்து வெள்ளைச் செவ்வந்தி, நான் வாங்கிய அதே சூப்பர்மார்க்கெட் பூ, அதே பிளாஸ்டிக் உறை. அபி சொன்னபோது காதால் கேட்டதுதான். இப்போது கண்ணால் பார்த்ததும் உடம்பு கூசியது. ஒரு மனிதரின் வாசலில், அவர் பிள்ளையின் கல்யாணத்துக்கென்று, இதையா நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீட்டினேன்? திரும்பிப் போய்விடலாம் என்று காலெடுத்தேன். அதற்குள் அபி பார்த்துவிட்டாள். "மாமா!" என்று கூப்பிட்ட குரலில் கோபமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

லியூங் நிமிர்ந்தார். நான் கிட்டப் போனேன். வழியெல்லாம் இங்கிலீஷில் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் காணாமல் போயின. "சொரி" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். காரிடம் போய், பின்பக்கத்தைத் திறந்து, எதையோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பதினோராவது தட்டம். வேட்டியும் சால்வையும் மடிப்புக் குலையாமல் இருந்தன.

கன்டோனீஸில் மெதுவாகப் பேசினார். டேனியல் மொழிபெயர்த்தான்.

"அப்பா சொல்கிறார், இரண்டு இரவாக யோசித்துப் பார்த்தாராம். பத்துத் தட்டம் கல்யாணத்துக்கு. அது சரியான சோடிக் கணக்கு. இந்த ஒன்று அம்மாவுக்கு. அம்மாவை மறக்காமல் அவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அது அப்பாவுக்கு உடனே விளங்கவில்லையாம். உங்கள் வழக்கம் அப்படித்தானா என்று கேட்கிறார்."

அபி என்னைப் பார்த்தாள். லியூங்கும் என்னைப் பார்த்தார். அவர் உண்மையில் அப்படித்தான் நினைத்தாரா, எனக்கென்று ஒரு வழியைத் திறந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. அது பொய்யில்லை. ஆனால் அதை நினைத்து நான் தட்டம் வைக்கவில்லை என்பதும் உண்மை.

"ஓம்" என்றேன். "எங்கட ஆக்களும் முதல்ல போனவைக்குத்தான் படைப்பினம்."

அபி அதை இங்கிலீஷில் சொன்னாள், டேனியல் கன்டோனீஸில் சொன்னான். மூன்று மொழியைக் கடந்து போய்ச் சேர்ந்ததும் லியூங் தலையாட்டினார். மனைவியின் கல்லின் மேல் வேட்டியை விரித்தார். அதன்மேல் ஆரஞ்சை அடுக்கினார். பிறகு தானாகவே பேசத் தொடங்கினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் இதெல்லாம் பழங்காலக் குப்பை, செய்யக் கூடாது என்று தடுத்துவிட்டார்களாம். தகப்பனின் மண்மேட்டுக்குத் தாயோடு வெறுங்கையோடு போய், வெறுமனே பார்த்துவிட்டு வந்தார்களாம். வழியில் பிடுங்கிய ஒரு புல்லை மட்டும் அவருடைய தாய் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாராம்.

எனக்கும் வாசுகிக்கும் ஒரு அண்ணன் இருந்தான். சண்டையில் போனவன். எங்கே கிடக்கிறான் என்று தெரியாது, விளக்கு வைக்க ஒரு பிடி மண் இல்லை. அதை யாரிடமும் சொல்வதில்லை, அன்று லியூங்கிடம் சொன்னேன். அபிக்கே அது புதுச் செய்தி. அவளுக்குத் தமிழில் விளங்கிவிட்டது என்று அவள் என் கையைப் பிடித்த பிடியில் தெரிந்தது. அவள் சொல்லி, டேனியல் சொல்லி, அது லியூங்கிடம் போய்ச் சேர்ந்தது. அவர் மூன்று ஊதுவத்தி எடுத்து, பற்றவைத்து, என் கையில் கொடுத்தார். அண்ணனுக்காக அந்தச் சீனத்தியின் காலடியில் அதைக் குத்தி வைத்தேன். முகம் தெரியாத அந்த மனுஷி பொறுத்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் முடிந்ததும் காகிதப் பணத்தையும் காகிதச் சட்டையையும் தகர வாளியில் போட்டு எரித்தார்கள். வேட்டியையும் எரிக்கப் போகிறார்களோ என்று எனக்கு உள்ளூர ஒரு பதைப்பு. விலை அப்படி. லியூங் என் பார்வையைக் கவனித்துவிட்டு, மகனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"நல்ல பட்டை எரித்தால் அம்மா திட்டுவாராம். கல்யாணத்தில் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கில் அம்மாவின் நாற்காலிமேல் விரிப்பாராம்" என்றான் டேனியல்.

வேட்டியை அவர் தனியாக மடிக்கப் பார்த்தார். காற்றில் பறந்தது. வேட்டி மடிக்க இரண்டு ஆள் வேண்டும், அது அவருக்குத் தெரியாது. நான் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு முனையை அவரிடம் கொடுத்தேன். விரித்து இழுத்தோம். பாதியாக மடித்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். கல்லறைகளுக்கு நடுவில் இரண்டு கிழவர்கள் இப்படி வந்து வந்து போவதைப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசி மடிப்பில் அவர் கையும் என் கையும் தொட்டுக்கொண்டன. அவர் கையை எடுக்காமல், தன் கடை இங்கிலீஷில் நேரே என்னிடமே கேட்டார்.

"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரவேண்டும்?"

வாய்வரை ஒரு நேரம் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, இந்த முறை அவளே சொல்லட்டும் என்று முதலில் அபியைப் பார்த்தேன்.